எட்டு வாளிக்கும் ஒரே தண்ணீர்

மார்ச் 4, ஞாயிறு

காலையிலிருந்து மாப்பிள்ளையும் நானும் மாடியில் வாளிகளுக்கு வண்ணம் அடித்தோம். பெயிண்டர் தூக்கிப்போட வைத்திருந்த பழைய பெரிய வாளிகள், எட்டு. முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை உள்ளே விடாதாம், வெள்ளை சூட்டை உள்ளே விடாதாம். வெளிச்சம் புகுந்தால் தண்ணீரில் பாசி பிடித்துவிடும் என்று மாப்பிள்ளை விளக்கினார்.

"அப்ப எனக்கும் ரெண்டு கோட்டிங் அடிச்சு விடுங்க மாப்பிள்ளை. மண்டைக்குள்ள பாசி பிடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றேன்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இதுவரை என் நகைச்சுவைக்கெல்லாம் மரியாதைக்குத்தான் சிரித்துக்கொண்டிருந்தார் என்று இன்றுதான் தெரிந்தது.

சைக்கிள் கடையை மூடிவிட்டு, வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு, அவரும் என் மகளும் எங்கள் மாடி அறைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. "தற்காலிகமாதாம்பா" என்று மகள் அன்றைக்குச் சொன்னாள். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தலையாட்டினேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று இவளுக்கு மட்டும் தெரியும். இவள் என்றால் என் மனைவி. முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறவள்.

மார்ச் 10

வெள்ளம்!

டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி ஒவ்வொரு வாளியின் அடியிலும் ஓட்டை போட்டார் மாப்பிள்ளை. ஓட்டைக்கு ரப்பர் வளையம், வளையத்துக்குள் குழாய். வளையங்களை அளந்து வாங்கி வந்தது நான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், முடி அகலத்தைக்கூடக் கண்ணாலேயே சொல்லிவிடுவேன் என்று வாய் கிழியப் பேசியவன், ஓர் அளவு பெரிதாக வாங்கி வந்துவிட்டேன். தண்ணீரை ஊற்றியதும் எட்டு வாளியும் ஒன்றாக அழுதன. மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வாசலுக்கே போய்விட்டது.

"மாடியில கப்பல் விடறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. துணியெல்லாம் எடுத்துக்கறேன்" என்று கீழேயிருந்து இவள் கத்தினாள்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் சுற்றிக் கட்டினார். நின்றுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை.

மார்ச் 11, ஞாயிறு

முழு அமைப்பும் ஓடியது. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

மண் கிடையாது. ஒவ்வொரு வாளியின் மூடியிலும் ஓட்டைகள் போட்ட ஒரு கிண்ணம். அதில் சுட்ட களிமண் உருண்டைகள், நடுவில் செடி. வேர் கீழே தொங்கித் தண்ணீரைத் தொடும். வாளிகளெல்லாம் அடியில் குழாயால் இணைந்திருக்கின்றன. தண்ணீர் தானாக ஓடி மூலையில் இருக்கும் பெரிய டிரம்முக்குப் போகும். செடிக்கான சத்தை டிரம்மில் கலக்க வேண்டும். மீன் தொட்டி மோட்டார் ஒன்று அதைத் திரும்ப வாளிகளுக்குத் தள்ளும். அவ்வளவுதான். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது.

"ஒரு வாளிக்கு வந்தது எட்டு வாளிக்கும் வந்துரும் மாமா. நல்லதும் சரி, கெட்டதும் சரி. அதை மட்டும் பாத்துக்கணும்" என்றார்.

"குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். மகள் தேநீர்த் தட்டோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பனும் புருஷனும் ஒரே பக்கம் நின்று பேசி அவள் பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

மார்ச் 18, ஞாயிறு

தக்காளி நான்கு, வெள்ளரி இரண்டு, குடைமிளகாய் இரண்டு. நாற்றுகளை வைத்தாயிற்று.

மீட்டரும் வந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு புளிப்பாக இருக்கிறது என்று சொல்லும் பேனா மாதிரி ஒரு கருவி. பிஎச் மீட்டர் என்கிறார்கள். ஆறுக்குப் பக்கத்தில் காட்டினால் செடிக்குச் சரி. எண் கூடினால் புளிப்புக் குறைவு என்று அர்த்தம், ஒரு புளிப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்க வேண்டும். மீட்டரின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குமிழ். அடடா, என்ன நேர்த்தி!

மூடியைத் திறந்தபோது உள்ளே ஏதோ ஈரம். "மாமா, அந்த மூடிக்குள்ள இருக்கிற தண்ணியக் கொட்டிறாதீங்க. அது நனைஞ்சே இருக்கணுமாம்" என்றார் மாப்பிள்ளை. நான் அதற்குள் கொட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்த கண்ணாடித் துணியால் குமிழைப் பளபளவென்று துடைத்து, உறையில் போட்டுவிட்டேன். ஈரத்தோடு வைத்தால் கண்ணாடியில் கறை விழும். இது எனக்குத் தெரியாதா? என் ஆயுசெல்லாம் கண்ணாடி துடைத்ததுதானே!

மார்ச் 25

வேர் எட்டிப் பார்க்கிறது. வெள்ளை வெளேரென்று. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

தொலைவில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு கம்பெனி மாப்பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மகளுக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இங்கேயே மறுபடியும் ஒரு கடை போடலாமா என்று மாப்பிள்ளைக்கும் ஒரு யோசனை இருக்கிறதாம்.

சாயங்காலம் வெள்ளரிக்குக் கயிறு கட்டும்போது அவரே பேச்சை எடுத்தார். "நீங்க என்ன நினைக்கறீங்க மாமா?"

இருங்க மாப்பிள்ளை. இங்கேயே இருந்துடுங்க. இதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, "உங்க இஷ்டம்."

ஏன் இப்படி இருக்கிறேன்?

ஏப்ரல் 9

டிரம் என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். "ஆளாளுக்குக் கலந்தா கணக்கு கெட்டுப்போயிரும். இனிமே இதுல யாரும் கை வைக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்." எல்லோரும் சரி என்றார்கள்.

கடையிலிருந்து வந்ததும் மீட்டரை விட்டுப் பார்ப்பேன். தினமும் ஏழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தினமும் திரவம் விடுகிறேன். செடி சாப்பிடச் சாப்பிட பிஎச் ஏறும் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் என் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்! குமிழைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.

ஏப்ரல் 14

தக்காளி இலை மஞ்சளடிக்கிறது. வெள்ளரி நுனி சுருண்டிருக்கிறது.

"மீட்டரை ஒரு தடவை சரி பாத்துரலாமா மாமா? அதுக்குன்னு தண்ணியில கலக்கற ஒரு பொடி வரும்" என்றார் மாப்பிள்ளை.

"மீட்டரெல்லாம் சுத்தமா இருக்கு. நான் என் கண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

சரி என்று வெள்ளரிக் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஒரு கடையை நடத்த முடியாதவர் என் கருவியைச் சந்தேகப்படுகிறார். இப்படி நினைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன், இங்கேயாவது பொய் வேண்டாம்.

ஏப்ரல் 19

நடந்ததை இன்றைக்கே எழுதி முடித்துவிடுகிறேன்.

தலைவலி என்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வந்தேன். நேராக மாடிக்குப் போனேன். மாப்பிள்ளை டிரம்முக்குள் முழங்கை வரை கை விட்டு எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை வெளியே எடுத்தார், திருடன் மாதிரி. பக்கத்து வாளி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வேரெல்லாம் பழுப்பு. அடுத்ததும் அப்படியே. எட்டும் அப்படியே.

என்ன போட்டீங்க தண்ணியில என்று கேட்டேன். "ஒண்ணும் போடல மாமா, தண்ணி சூடா இருந்துச்சு, அதான்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விட்டேனா? கை வைக்க வேண்டாம்னு சொன்னேனா இல்லையா, பின்ன எதுக்கு வச்சீங்க, என் தலை மறைஞ்சதும் தினமும் இதுதான் வேலையான்னு என்னென்னமோ கத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். விடல.

"உங்க கை பட்டது எதுதான் உருப்பட்டுச்சு?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான். திரும்பினால் படியில் மகள் நிற்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

செடி போனா மயிரே போச்சு. அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு எனக்கு?

ஏப்ரல் 20

மகள் சாப்பாட்டை மாடிக்கே எடுத்துப் போய்விட்டாள். மாடியில் மோட்டார் சத்தம் மட்டும்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கம்பெனிக்குச் சரி சொல்லிவிட்டாராம். மகள்தான் வந்து சொன்னாள். "நல்ல வேலைப்பா" என்றாள், வாடிக்கையாளரிடம் பேசுவது மாதிரி.

அன்று டிரம்முக்குள் இருந்தது என்னவென்று இவள் இன்றைக்குத்தான் சொன்னாள். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள். வெயிலில் டிரம் கொதிக்கிறது, வேர் வெந்துவிடும் என்று தினமும் மத்தியானம் இரண்டு பாட்டிலை மூடியோடு உள்ளே போட்டுவிட்டு, நான் வருவதற்குள் எடுத்துவிடுவாராம். சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று பயமாம்.

"ஃப்ரீசர்ல இடம் ஒதுக்கிக் கொடுத்ததே நான்தான். என்னையும் நாலு வார்த்தை கேளுங்க" என்றாள்.

பாட்டிலில் ஓட்டை இருந்திருக்கும், கண்ட அழுக்கும் அதில் ஒட்டியிருந்திருக்கும் என்று வீம்புக்கு வாதாடினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க மாடிப்படியில் பாதி ஏறினேன். மேலே பெட்டி கட்டும் சத்தம். இறங்கிவிட்டேன். வேர் அழுகியது என்னவோ நிஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு முழுக்க என் பக்கம் இல்லை என்பதற்கு அந்த ஒன்றுதான் எனக்குப் பிடிமானம்.

ஏப்ரல் 28

போய்விட்டார்கள்.

வண்டி ஏறும்போது மாப்பிள்ளை என்னிடம் வந்து, "போயிட்டு வர்றோங்க" என்றார். மாமா என்ற வார்த்தை இல்லை. நான் கவனித்தேன். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன், தானாக உதிர்ந்துவிட்டது.

மாடிக்குப் போனேன். வட்ட ரம்பத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து டப்பாவில் வைத்திருக்கிறார். மிச்ச டியூப் துண்டுகளைச் சுருட்டிக் கட்டி, அதன் மேல் வைத்திருக்கிறார். கோபமாக ஏதாவது உடைத்துப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மே 6, ஞாயிறு

எல்லாவற்றையும் கழுவினேன். புதுத் தண்ணீர், புது உருண்டைகள், புது நாற்றுகள். இந்த முறை யார் கையும் படாது. நான் மட்டும். டிரம்முக்கு நிழலாக ஒரு தார்ப்பாயும் கட்டினேன், சூடு என்ற சாக்கும் வேண்டாம்.

இவள் கேட்டாள், "யாருக்கு நிரூபிக்கறீங்க இதை?"

அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டேன். செடி நன்றாக வந்தால் நான் கேட்டது நியாயம் என்றாகும். எவ்வளவு கேவலமான ஆசை! ஆனாலும் அந்த ஆசையோடுதான் தண்ணீர் ஊற்றினேன்.

மே 16

இலை மஞ்சள். அதே மஞ்சள்.

மே 17

வேரும் பழுப்பு. எட்டு வாளியிலும். யார் கையும் படவில்லை. மாடி அறையைப் பூட்டிச் சாவியை இவள் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

என்னைத் தவிர யாரும் இல்லையே இங்கே.

மே 19

மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் இப்படியே ஓட்டியிருப்பேனோ. அந்தப் பேட்டரி எங்கும் கிடைக்காமல், மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் காகிதப் பட்டை வாங்கி வந்தேன். தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும். டிரம்மில் தோய்த்தேன். பட்டையோடு வந்த நிற அட்டையில் இருப்பதிலேயே கடைசி நிறத்துக்குப் போய்விட்டது. நாலு. செடி குடிக்கும் தண்ணீர் இல்லை, காடி!

கைப்பேசிக் கடையில் ஒருவழியாகப் பேட்டரி கிடைத்தது. போட்டு அதே தண்ணீரில் மீட்டரை விட்டேன். ஏழுக்குப் பக்கத்தில், எப்போதும் போல. சமையலறைக்குக் கொண்டுபோய்க் குடிக்கிற தண்ணீரில் விட்டேன். அதே எண். இவள் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, வெட்டி, கிண்ணத்தில் பிழிந்து என் முன்னால் வைத்தாள். மீட்டரை விட்டேன்.

அதே எண்.

அந்தக் குமிழ் காய்ந்தால் செத்துவிடுமாம். மீட்டரோடு வந்த காகிதத்தை இன்றைக்குத்தான் படித்தேன், பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எப்போதும் ஈரத்திலேயே வைக்க வேண்டும், துணியால் துடைக்கவே கூடாது. நான் தினமும் துடைத்தேன், பளபளவென்று. செத்த மீட்டர் ஏழு ஏழு என்று ஒரே பாட்டைப் பாட, நான் தினமும் விஷம் மாதிரி அந்தத் திரவத்தை ஊற்றியிருக்கிறேன். பாவம், அவர் பனிக்கட்டி போட்டுக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

"மூடிக்குள்ள இருக்கிற தண்ணியக் கொட்டிறாதீங்க மாமா." முதல் நாளே சொன்னாரே! சரி பார்க்கலாமா என்றும் கேட்டாரே!

இவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அப்புறம் சொன்னாள், "எலுமிச்சம்பழத்தையும் பச்சத் தண்ணியையும் ஒண்ணுன்னு சொல்ற மீட்டரை நம்பிட்டு, மனுஷனை நம்பாமப் போயிட்டீங்களே."

மே 20, ஞாயிறு

ஃபோன் செய்தேன். மாப்பிள்ளையிடம்தான். காலையிலிருந்து வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் குரலைக் கேட்டதும் எல்லாம் போயிற்று.

"மாப்பிள்ளை, அந்த மீட்டர் கெட்டுப்போச்சு. அதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

"அப்படிங்களா. பரவாயில்லீங்க. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். வைத்துவிட்டோம்.

பக்கத்தில் நின்ற இவள் கேட்டாள், "மீட்டர் கெட்டுப்போச்சா, நீங்க கெடுத்தீங்களா?"

ஒரு சின்ன வாக்கியம். 'நான் கெடுத்தேன், உங்களை அப்படிச் சொன்னது தப்பு.' அறுபது வயசுக் கழுதைக்கு அது வாயில் வரவில்லை. திரும்ப ஃபோனை எடுத்தேன், எண்ணை அழுத்தவில்லை.

ஜூன் 3

மகள் பேசினாள். "அவருக்குக் கோபமெல்லாம் இல்லப்பா. கோபப்பட்டா நானே சமாதானம் பண்ணிருவேன். உங்களைப் பத்தி இப்ப நல்லாதான் பேசறாரு, ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பத்திப் பேசற மாதிரி."

அது மனதை அறுக்கிறது.

ஜூன் 10

வாளிகளைக் கழற்றினேன். டியூபால் இறுக்கிக் கட்டிய இடங்களில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை, கடைசி வரை. முடிச்சுகளை அவிழ்க்க வரவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாளியை இவள் துணி ஊறவைக்கக் கேட்டாள். அடியில் ஓட்டை என்றேன். "தெரியும், அடைச்சுக் கொடுங்க" என்றாள். அடைத்தேன். ஒழுகுகிறது.

கடையில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவளுடைய அம்மா கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். உதவியாளர்தான் மிச்சத்தைச் சொன்னார்.

ஜூலை 8, ஞாயிறு

அங்கே இரண்டு வருஷத்துக்கு வீடு பேசி எடுத்துவிட்டார்களாம். பெரிய பால்கனியாம், நல்ல வெயில் வருமாம். மகள் அதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா என்னிடம் சொன்னாள். இரண்டு வருஷம். ஏப்ரல் மாதம் வெள்ளரிக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, 'இருங்க மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மாடி அறையில் இவள் போர்வைகளை வெயிலில் போட்டு எடுத்து மறுபடியும் மடித்து வைத்திருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

காலையில் மகள் ஃபோன். இவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். நலம் விசாரித்தாள், வழக்கமான அதே கேள்விகள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அப்பா, இவரு பால்கனியில வாளி வச்சிருக்காரு. மூணுதான். அந்த மீட்டரும் வாங்கியிருக்காரு. அதை எப்படி வைக்கணும்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவருக்குத் தெரியாதா என்ன? இந்த வீட்டில் அதை முதலில் சொன்னவரே அவர்தானே. தெரிந்ததை எதற்காக என்னிடம் கேட்க வேண்டும்?

புரிந்தது. நான் சொல்ல ஒரு வழி திறந்து வைத்திருக்கிறார்.

"துடைக்கக் கூடாதும்மா. மூடிக்குள்ள இருக்கிற தண்ணியக் கொட்டக் கூடாது, நனைஞ்சே இருக்கணும்" என்றேன். அதோடு நிறுத்திவிடப் பார்த்தேன். நிறுத்தவில்லை. "இதை மாப்பிள்ளை அன்னிக்கே சொன்னாரு, நான்தான் கேக்கல. செடியைக் கொன்னது நான். அவரு கையைச் சொன்னேன் பாரு, அது என் வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்குப் பழக்கமான இரைச்சல். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கேட்டுக்கிட்டேன் மாமா" என்றார் தூரத்திலிருந்து. அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது வாருங்கள் என்று கூப்பிட்டு என்ன பயன்? வீடு எடுத்தாயிற்று, வேலை நடக்கிறது, வாளியும் வைத்தாயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த இவள், "ஃபோன்ல யாரு?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை" என்றேன்.